வெள்ளிக்கிழமை மீனும் சனிக்கிழமை இறைச்சியும்

இங்கே மில்வாக்கியில் சனிக்கிழமை காலை 9 மணி. சிங்கப்பூரில் இருப்பவர்கள் இரவு 10 மணிக்குத் தூக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்கிறீர்கள். அதற்கு முதலில் நன்றி.

வரலாறு பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் வரலாறு படித்தவள் அல்ல. நர்சிங் டிப்ளமோ முடித்து, தேர்வெழுதி இந்த நாட்டுக்கு வந்து, பல வருடங்களாக டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்ப்பவள். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் ஒரே நாற்காலியில் சாய்ந்திருக்கும் மனிதர்களோடு என் நாள் போகிறது. நான்கு மணி நேரம் என்பது நீண்ட நேரம். இயந்திரம் ரத்தத்தைச் சுத்தப்படுத்தும்போது அவர்கள் பேசுவார்கள். எனக்குத் தெரிந்த அமெரிக்க வரலாற்றில் பாதி அப்படிக் காதில் விழுந்தது. மீதியை, அவர்கள் சொன்னது சரிதானா என்று பார்க்க நூலகத்தில் தேடிப் படித்தேன்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு சாப்பாட்டுக் கடை. எங்கள் பகுதியில் தெருமுனையில் இருப்பது. முன்பக்கம் மதுக்கடை, பின்பக்கம் சாப்பாட்டுக் கூடம், ஓரத்தில் பாட்டுக்காரர்கள் நிற்க ஒரு சின்ன மேடை. வெள்ளிக்கிழமை பொரித்த மீன், சனிக்கிழமை மாட்டிறைச்சி. விஸ்கான்சின் மாநிலம் முழுக்க இப்படிப்பட்ட கடைகள் உண்டு. நெடுஞ்சாலை ஓரத்திலும் ஏரிக்கரையிலும் இருந்தால் ‘சப்பர் கிளப்’ என்பார்கள். கிளப் என்று பெயரே தவிர, யாரும் உறுப்பினர் ஆக வேண்டியதில்லை. கடையின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. ஒரு கடையைப் பற்றிச் சொன்னால் நூறு கடைகளுக்கும் பொருந்தும்.

நான் அங்கே முதலில் போனது சாப்பிடுவதற்காக அல்ல. என்னோடு வேலை பார்த்த உதவியாளர் ஒருவரின் கணவருக்குப் புற்றுநோய். அவருக்காக ஒரு சனிக்கிழமை ‘பெனிஃபிட்’ வைத்திருந்தார்கள். எனக்கு அந்தச் சொல்லின் பொருளே அன்று புரியவில்லை. உள்ளே போனால் கல்யாண வீடு மாதிரி இருந்தது. அக்கார்டியன் வாசித்துப் போல்கா ஆடிக்கொண்டிருந்தார்கள். சுவரோரம் நீளமான மேசை. அதில் ஊர்க்காரர்கள் கொடுத்த பொருட்கள்: கையால் தைத்த போர்வை, பச்சையும் மஞ்சளுமாகக் கால்பந்து அணியின் சட்டை, ஒரு பெட்டி நிறைய உறைந்த இறைச்சி. எல்லாவற்றுக்கும் குலுக்கல் சீட்டு. மதுக்கடை மேடையில் ஒரு பழைய காப்பி டப்பா, அதன் மேல் நோயாளியின் படம். வருகிறவர்கள் எல்லாம் அதில் பணம் போட்டார்கள். அந்த மனிதர் தலைமுடி உதிர்ந்து, தொப்பி போட்டுக்கொண்டு, ஒரு மூலையில் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தார்.

நான் நாசரேத் பக்கத்துப் பெண். எங்கள் ஊர்க் கோயிலில் அசனம் நடக்கும். ஆடும் அரிசியும் காணிக்கையாக வரும். ஊரே சேர்ந்து சமைத்து, ஊரே சேர்ந்து சாப்பிடும். அந்தக் கூடத்தில் நின்றபோது எனக்கு அசனம்தான் ஞாபகம் வந்தது. ஆனால் மறுநாளே இன்னொரு கேள்வியும் வந்தது. உலகத்தின் பணக்கார நாட்டில், காப்பீடு உள்ள ஒரு மனிதருக்கு, எதற்காகக் காப்பி டப்பாவில் காசு சேர்க்கிறார்கள்? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் இந்தக் கடையின் கதைக்குள் போனேன்.

முதலில் மீன்.

மில்வாக்கிக்கு ஜெர்மானியர்களும் போலந்துக்காரர்களும் பெருமளவில் குடியேறினார்கள். அவர்களில் ஏராளமானவர்கள் கத்தோலிக்கர்கள். நம் ஊர்க் கத்தோலிக்கப் பெரியவர்கள் ‘சுத்தபோசனம்’ என்று சொல்வார்களே, வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி விலக்குவது, அதை இவர்களும் கடைப்பிடித்தார்கள். இறைச்சிதான் கூடாது, மீன் கூடும். பக்கத்திலேயே கடல் மாதிரி மிச்சிகன் ஏரி. அதில் பெர்ச் என்ற சின்ன மீன் மலிவாகக் கிடைத்தது.

அதோடு மதுவிலக்கு சேர்ந்தது. 1920 ஜனவரியில் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. பாப்ஸ்ட், ஷ்லிட்ஸ், மில்லர், பிளாட்ஸ் என்று பீர் ஆலைகளால் வாழ்ந்த ஊர் இது. பாப்ஸ்ட் ஆலை பாலாடைக்கட்டி செய்தது. ஷ்லிட்ஸ் சாக்லேட் செய்து பார்த்தது. தெருமுனை மதுக்கடைக்காரருக்கு அந்த வசதியெல்லாம் இல்லை. அவர் சாப்பாட்டுக்குத் திரும்பினார். வெள்ளிக்கிழமை மீன் பொரித்தார். அதுவரை பெரும்பாலும் ஆண்களே வந்துபோன இடத்துக்குப் பெண்களும் பிள்ளைகளும் வரத் தொடங்கினார்கள். 1933-இல் மதுவிலக்கு நீங்கியது. பீர் திரும்பி வந்தது, மீனும் போகவில்லை. மலிவாக மீன் கொடுத்தால் பீர் தானாக விற்கும் என்பது கடைக்காரருக்குத் தெரிந்துவிட்டது.

இன்னொரு மாற்றமும் நடந்தது. மதுவிலக்குக்கு முன்னால் பல மதுக்கடைகள் பீர் ஆலைகளுக்குச் சொந்தமாகவோ, அவற்றின் கட்டுப்பாட்டிலோ இருந்தன. 1933-க்குப் பிறகு வந்த சட்டங்கள் ஆலையையும் கடையையும் பிரித்தன. கடைகள் குடும்பங்களின் கைக்கு வந்தன. கீழே கடை, மாடியில் வீடு. கடைக்காரருக்குத் தெருவில் யார் வேலை இழந்தார், யார் வீட்டில் சாவு என்பதெல்லாம் தெரியும். உண்டியல் வைக்கும் பழக்கம் வேரூன்ற அது போதும்.

1966-இல் அமெரிக்க ஆயர்கள் வெள்ளிக்கிழமைக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். தவக்காலத்துக்கு வெளியே இறைச்சி சாப்பிடலாம் என்றானது. மீன் வியாபாரம் படுத்துவிடும் என்று நினைப்போம். படுக்கவில்லை. அதற்குள் அது நோன்பு என்ற நிலையிலிருந்து ஊர் வழக்கமாக மாறியிருந்தது. லூத்தரன்களும் யூதர்களும் கடவுளை நம்பாதவர்களும் வெள்ளிக்கிழமை வரிசையில் நிற்கிறார்கள். பொரித்த மீன், ரை ரொட்டி, முட்டைக்கோஸ் சாலட், உருளைக்கிழங்கு அடை, அதற்குத் தொட்டுக்கொள்ள ஆப்பிள் கூழ். என் நோயாளிகளுக்கு அந்த அடையைப் பற்றிச் சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கும். உருளைக்கிழங்கில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு அது இதயத்தையே நிறுத்திவிடும். வெள்ளிக்கிழமை ராத்திரி யார் அடை சாப்பிட்டார் என்பதைத் திங்கட்கிழமை ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்கும்.

வழக்கம் நிலைத்தது, ஆனால் மீன் நிலைக்கவில்லை. கப்பல் கால்வாய்கள் வழியாக லாம்ப்ரே என்ற ஒட்டுண்ணி மீன் ஏரிகளுக்குள் நுழைந்து பெரிய மீன்களின் ரத்தத்தை உறிஞ்சிக் கொன்றது. பெரிய மீன் இல்லாமல் போனதும், கடலிலிருந்து வந்த ஏல்வைஃப் என்ற சின்ன மீன் பெருகியது. 1967 கோடையில் அது கோடிக்கணக்கில் செத்துக் கரையில் ஒதுங்கி நாறியது. பெர்ச் குறைந்துகொண்டே வந்து, 1996-இல் விஸ்கான்சின் அரசு மிச்சிகன் ஏரியில் அதை வணிகத்துக்காகப் பிடிப்பதையே நிறுத்தியது. இன்று தட்டில் வருவது பெரும்பாலும் காட் மீன், அல்லது ஈரி ஏரியின் கனடாப் பக்கத்திலிருந்து வரும் பெர்ச். கடையின் சுவரில் மட்டும் பழைய மீன்பிடிப் படகுகளின் படம் தொங்குகிறது.

இனி சனிக்கிழமை இறைச்சி.

மில்வாக்கியைக் குறுக்கே வெட்டுவது மெனோமினி பள்ளத்தாக்கு. மாட்டுச் சந்தையும் இறைச்சி ஆலைகளும் தோல் பதனிடும் தொழிற்சாலைகளும் அங்கே இருந்தன. தெற்குப் பக்கத்துப் போலந்துக்காரர்கள் பலர் அங்கே உழைத்தவர்கள். வாரம் முழுக்க இறைச்சியை வெட்டியவர், சனிக்கிழமை மட்டும் மேசையில் உட்கார்ந்து, இன்னொருவர் வெட்டிப் பரிமாற அதைச் சாப்பிட்டார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சம்பளம் உயர்ந்தது, கார் வந்தது. சப்பர் கிளப்புகளின் நல்ல காலம் அது. போல்கா இசையும் அந்தக் கூடங்களில் வளர்ந்தது. பின்னாளில் இந்த மாநிலம் அதையே தன் அதிகாரபூர்வ நடனமாக அறிவித்தது.

போர்க்காலத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் முதல் கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. 1942-இல் விலைவாசியைப் பிடித்து நிறுத்த அரசு சம்பள உயர்வுக்குக் கட்டுப்பாடு வைத்தது. ஆள் கிடைக்காத முதலாளிகள், சம்பளத்துக்குப் பதிலாக மருத்துவக் காப்பீடு கொடுத்து ஆள் பிடித்தார்கள். காப்பீடு வேலையோடு ஒட்டிக்கொண்டது அப்படித்தான். வேலை போனால் அதுவும் போகும். 1993-இல் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் வந்தது. தகுதியுள்ளவர்களுக்கு 12 வாரம் விடுப்பு கிடைக்கும், வேலை போகாது. ஆனால் சம்பளம் கிடையாது. நோயாளியின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம், வீட்டு வாடகைக்கு என்ன செய்வது? காப்பி டப்பா நிரப்புவது அந்த ஓட்டையைத்தான்.

குலுக்கல் சீட்டுக்கும் ஒரு கதை உண்டு. 1848-இல் எழுதிய விஸ்கான்சின் அரசியல் சட்டம் லாட்டரியைத் தடை செய்திருந்தது. கோயில்களும் சங்கங்களும் பல காலம் கேட்டுப் போராடியபின், 1973-இல் அறப்பணிக்காகப் பிங்கோ ஆடவும், 1977-இல் குலுக்கல் நடத்தவும் அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். ஒரு பெட்டி இறைச்சிக்குச் சீட்டுப் போட அரசியல் சட்டத் திருத்தம்! சிரிப்பாக இருக்கலாம். இந்த ஊரார் அதை எவ்வளவு முக்கியமாக நினைத்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இவ்வளவையும் தெரிந்துகொண்ட பெருமையில், ஒருநாள் என் நோயாளி ஒருவரிடம் இந்தக் கடையைப் பற்றிப் பேசினேன். எழுபது வயது தாண்டிய கறுப்பினப் பெண்மணி. அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன். “நீங்கள் அங்கே மீன் சாப்பிட்டிருக்கிறீர்களா?” என்று கேட்டேன். அவர் இயந்திரத்தின் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அது பாலத்துக்கு அந்தப் பக்கம். நாங்கள் போகமாட்டோம்.”

அவர் வீட்டுக்கும் அந்தக் கடைக்கும் காரில் பத்து நிமிடம். அவர் சொன்ன பாலம் மெனோமினி பள்ளத்தாக்கின் மேல் போகும் 16-ஆம் தெருப் பாலம். ஆப்பிரிக்காவையும் போலந்தையும் இணைப்பதால் உலகிலேயே நீளமான பாலம் அதுதான் என்று அந்தக் காலத்தில் கேலி பேசுவார்களாம். வடக்கே கறுப்பினத்தவர், தெற்கே வெள்ளையர். தெற்கே வீடு வாடகைக்குக் கேட்டால் கறுப்பினத்தவருக்குக் கொடுக்கமாட்டார்கள்.

வெல் ஃபிலிப்ஸ் என்ற பெண் 1956-இல் மில்வாக்கி நகர மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த மன்றத்தின் முதல் பெண்ணும் அவர்தான், முதல் கறுப்பினத்தவரும் அவர்தான். வீடு கொடுப்பதில் நிறம் பார்க்கக் கூடாது என்று 1962-இல் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். ஆதரித்து விழுந்த ஒரே ஓட்டு அவருடையது. திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார். திரும்பத் திரும்பத் தோற்றார்.

1966-இல் இளைஞர்கள் ‘ஈகிள்ஸ் கிளப்’ முன்னால் மறியல் செய்தார்கள். இந்த இடம் நம் கதைக்கு முக்கியம். ஈகிள்ஸ் என்பது ஒரு சகோதர சங்கம். முதியோர் ஓய்வூதியத்துக்காக நாடு முழுவதும் குரல் கொடுத்த சங்கம். மில்வாக்கியில் அவர்களுக்கு அழகான பெரிய நடனக்கூடம் இருந்தது. 1959 ஜனவரியில் பட்டி ஹாலி தன் கடைசிச் சுற்றுப்பயணத்தை அங்கிருந்துதான் தொடங்கினார். பாட்டும் தருமமும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. உறுப்பினர்களாக நீதிபதிகளும் அரசியல்வாதிகளும் இருந்தார்கள். ஆனால் வெள்ளையர் மட்டுமே உறுப்பினராக முடியும்.

1967 ஆகஸ்ட் 28 அன்று, ஜேம்ஸ் குரோப்பி என்ற கத்தோலிக்கப் பாதிரியாரோடு சுமார் 200 பேர் அந்தப் பாலத்தின் வழியாகத் தெற்கே நடந்தார்கள். குரோப்பி தெற்குப் பக்கத்து மளிகைக் கடைக்காரரின் மகன், இத்தாலியக் குடும்பம். எதிரே ஆயிரக்கணக்கானோர் கல்லும் பாட்டிலும் வசையுமாக நின்றார்கள். அவர்களில் பலர் வெள்ளிக்கிழமை சுத்தபோசனம் இருந்தவர்கள், தங்கள் தெருவில் யாருக்காவது நோய் என்றால் டப்பாவில் காசு போட்டவர்கள். நடந்தவர்கள் அடுத்த நாளும் நடந்தார்கள். 200 இரவுகள் தொடர்ந்து நடந்தார்கள். 1968 ஏப்ரலில் தேசிய வீட்டுரிமைச் சட்டம் வந்தது. அதே மாதக் கடைசியில் மில்வாக்கி நகர மன்றமும் சட்டம் போட்டது. இன்று அந்தப் பாலத்துக்குக் குரோப்பியின் பெயர்.

என் நோயாளி அப்போது பள்ளி மாணவி. அவருடைய அண்ணன் நடந்திருக்கிறார். நெற்றியில் தழும்போடு திரும்பி வந்திருக்கிறார். “சட்டம் மாறிவிட்டது, தெரியும். மீன் சாப்பிட அங்கே போக வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை” என்றார்.

எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. எங்கள் அசனம் நினைவில் வந்தது. அதிலும் யார் எந்தப் பந்தியில் உட்கார்ந்தார்கள் என்று யோசித்தேன். தமிழ்நாட்டில் சாதிவாரியாகப் பிரிந்த கிறிஸ்தவக் கல்லறைகள் இன்னும் இருக்கின்றன. அடுத்த நாட்டின் பாலத்தைப் பார்த்து நான் எளிதாகத் தலையை ஆட்டிவிட முடியாது.

டயாலிசிஸ் நர்ஸ் என்பதால் இன்னொரு வரலாற்றையும் சொல்லிவிடுகிறேன். 1962-இல் சியாட்டில் நகரில் நீண்டகால டயாலிசிஸ் சிகிச்சைக்கென்று ஒரு மையம் தொடங்கினார்கள். இயந்திரங்கள் சில, நோயாளிகள் பலர். யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய ஊர்ப் பொதுமக்களிலிருந்து ஒரு குழு அமைத்தார்கள். வயது, வருமானம், குடும்பம், கோயிலுக்குப் போகிறாரா, ஊருக்கு உழைத்தவரா என்றெல்லாம் அந்தக் குழு பார்த்தது. அவர்கள் கெட்டவர்கள் அல்ல. நல்ல அயலார்கள்தான். ஆனால் தங்களைப் போன்றவர்களையே அயலாராகப் பார்த்தார்கள். இடம் கிடைக்காதவர்கள் செத்துப்போனார்கள். 1971-இல் ஷெப் கிளேசர் என்ற நோயாளி நாடாளுமன்றக் குழுவின் முன்னாலேயே இயந்திரத்தோடு இணைந்து உட்கார்ந்து காட்டினார். 1972-இல் சட்டம் வந்தது. சிறுநீரகம் முற்றாகச் செயலிழந்த பெரும்பாலானவர்களுக்கு, வயது எதுவானாலும், அரசின் மெடிகேர் காப்பீடு உண்டு. இன்று என் பிரிவில் நாற்காலிகள் வரிசையாக இருக்கின்றன. யார் நல்லவர், யார் எந்தப் பக்கத்துக்காரர் என்று யாரும் கேட்பதில்லை.

காப்பி டப்பா செய்ய முடியாததைச் சட்டம் செய்தது. அதற்காக டப்பாவை நான் தாழ்த்திச் சொல்லமாட்டேன். சட்டம் இயந்திரத்துக்குப் பணம் கொடுக்கும். வீட்டு வாசலில் பெய்த பனியை அள்ளித் தள்ள வராது. தொப்பி போட்டு மூலையில் உட்கார்ந்திருந்த அந்த மனிதரிடம் போய், அவர் தோளில் கை வைத்து, “ஆடுவோமா?” என்று கேட்காது. அன்று அவர் மனைவி கேட்டார். அவர் ஆடினார். ஐந்து மாதம் கழித்து அவர் இறந்தபோது அதே கூடத்தில்தான் எல்லோரும் கூடினோம். ஆனால் டப்பாவுக்குத் தெரிந்த முகம் வேண்டும். எங்கள் பிரிவிலேயே, படம் ஒட்டி டப்பா வைக்க ஒரு ஆள்கூட இல்லாத நோயாளிகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலர் நம்மைப் போல வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள். நல்ல சமாரியன் உவமையைச் சிறுவயதிலிருந்து கேட்கிறேன். அடிபட்டுக் கிடந்தவன் எந்த ஊர்க்காரன் என்று அந்தச் சமாரியன் விசாரிக்கவில்லை என்பது எனக்கு இங்கே வந்துதான் உறைத்தது.

கடைசியாக ஒன்று. அந்தப் பெண்மணியிடம் நான் மறுபடி பேசினேன். “ஒரு வெள்ளிக்கிழமை என்னோடு அந்தக் கடைக்கு வருகிறீர்களா?” என்றேன். அவர் சிரித்தார். “மீன் பொரிப்பது எங்களுக்குத் தெரியாது என்று நினைத்தாயா? முதலில் நீ வா” என்றார்.

தெற்கு மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பினக் குடும்பங்கள் தங்கள் மீன் வழக்கத்தையும் கொண்டுவந்திருந்தார்கள். சோளமாவில் புரட்டிப் பொரித்த கெளுத்தி மீன், காரச் சாறு, வெள்ளை ரொட்டி, கூடவே ஸ்பகெட்டி. அவருடைய சபையின் கீழ்த்தளத்தில் அதை விற்று, வந்த பணத்தில் நோயாளிகளுக்கும் படிக்கும் பிள்ளைகளுக்கும் உதவுகிறார்கள். ஒரே ஊரில், ஒரே கிழமையில், ஒரே நோக்கத்துக்காக இரண்டு இடங்களில் மீன் பொரிந்துகொண்டிருந்தது. ஒருவர் எண்ணெயின் வாசனை அடுத்தவருக்குத் தெரியவில்லை.

போன தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை நான் அங்கே போனேன். தனியாகப் போகவில்லை. கணவரை இழந்த அந்த உதவியாளரையும் அழைத்துப் போனேன். தெற்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். சாப்பிடுவதற்காகப் பாலத்தைத் தாண்டுவது தன் வாழ்நாளில் இதுதான் முதல் முறை என்று காரில் சொன்னார். உள்ளே போனதும் என் நோயாளி எங்களுக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். உதவியாளர் கெளுத்தி மீனை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “எங்கள் கடை மீனில் இந்தக் காரம் இல்லை” என்றார். வாசலில் ஒரு கண்ணாடி ஜாடி இருந்தது. அதில் ஒட்டியிருந்த படத்தில் இருந்தது யாரென்று எங்கள் இருவருக்கும் தெரியாது. போகும்போது இரண்டு பேரும் அதில் பணம் போட்டோம்.

உங்கள் ஊரில் இப்படி ஒரு கடை இருந்தால், அதற்கு ஒரு பாலமும் இருக்கும். கேள்வி நேரத்தில் அதைப் பற்றி நீங்கள் சொல்லுங்கள், நான் கேட்கிறேன்.